பதினேழாம் பாடம்: சேர்த்தல்

மோகனூர்
12.06.2023

என் சௌந்துவுக்கு,

மாயி எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன். பள்ளிக்குத் துணை முதல்வர் ஆன பிறகு எவள்தான் நலமாக இருக்கிறாள்? பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் உங்கள் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ராசிபுரம் வீட்டுக்கு வந்தால் உன் மாமியார் பிடித்துக்கொள்கிறார். அதனால் நமக்குக் காகிதம்தான் கதி. பி.எட். விடுதியில் அடுத்த அறையில் இருந்துகொண்டே கடிதம் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிய கழுதைகள்தானே நாம், பழக்கம் விட்டுப்போகவா போகிறது.

இதோடு பதினேழாம் பாடத்தையும் வைத்திருக்கிறேன். இதுதான் கடைசி. இரண்டு வருஷம்! தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் போடலாம், நான் எழுதுகிறேன், நீ டைப் அடி, உன் வீட்டுக்காரர் அச்சுப் போடட்டும், அட்டையில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும் என்று ஆரம்பித்தோமே, முடித்துவிட்டேன் பார்த்தாயா. நேற்றுக் கடைசி வரியை எழுதிவிட்டு என் வீட்டுக்காரர் அங்கமுத்துவிடம் காட்டினேன். அவர் படிக்கவா போகிறார்? "நெம்ப நல்லா இருக்குது புள்ள"ன்னு நோட்டைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார். எடையைச் சொன்னாரோ என்னவோ.

பாடத்துக்குச் 'சேர்த்தல்' என்று தலைப்பு. நமக்குச் சேர் என்று ஒரு சொல் போதும். வெள்ளைக்காரனுக்கு எதை எங்கே சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ரசத்தில் உப்புப் போட்டால் 'ஆட்'. பட்டியலில் ஒருத்தி பெயரைப் போட்டால் 'இன்க்ளூட்'. டிராக்டருக்குப் பின்னால் டிரைலரை மாட்டினால் 'அட்டாச்'. உறைக்குள் கடிதத்தோடு சான்றிதழை வைத்தால் 'என்க்ளோஸ்'. பூட்டுக்குள் சாவியை விட்டால் 'இன்சர்ட்'. நம் பையன்கள் சட்டையை 'இன்சர்ட்' பண்ணுவதாகச் சொல்கிறார்களே, அதற்கு அவன் 'டக் இன்' என்பான் என்று தனியாக ஒரு குறிப்பும் போட்டிருக்கிறேன். கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டால் 'த்ரோ இன்'. நிற்க இடமில்லாத மோகனூர் பஸ்ஸில் நம்மை நாமே திணித்துக்கொண்டால் 'ஸ்க்வீஸ் இன்'. எல்லாவற்றுக்கும் நம் வீட்டு வாக்கியம்தான். பஸ்ஸில் ஏறுகிறவள் பெருமாயி, டிரைலர் மாட்டுகிறவர் அங்கமுத்து, சான்றிதழ் வைக்கிறவள் இலக்கியா. மகளுக்குத் தன் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்று ஏக குஷி.

ஜெராக்ஸ் எடுக்கவில்லை. பதினேழு நோட்டில் ஒன்றுக்கும் எடுக்கவில்லை. உன்னிடம் இருந்தால் என்னிடம் இருப்பதுதானே. பத்திரமாக வை.

உன்
மாயி


ராசிபுரம்
03.07.2023

என் தங்க மாயி,

பாடம் வந்தது. படித்துக்கொண்டே டைப் அடித்தேன், சிரித்துக்கொண்டே அடித்தேன். எப்படியடி உனக்கு மட்டும் இப்படித் தோன்றுகிறது? கொசுறுக்கு 'த்ரோ இன்' என்பதை எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சேலத்தில் அட்டை வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர் ஒன்று சொன்னார். நீ கோபித்துக்கொள்ளாதே. ஆங்கிலப் புத்தகம் என்றால் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். "பெருமாயின்னு போட்டா கிராமத்துக் கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்குமே"ன்னு கேட்கிறார். உன் பெயரை 'பி. மாயா' என்று வைத்துக்கொள்ளலாமா? நான் உன்னை மாயி என்றுதானே கூப்பிடுகிறேன், கொஞ்சம்தானே வித்தியாசம். 'மாயா – சௌந்தர்யா' என்றால் கேட்கவும் அழகாக இருக்கிறது. யோசித்துச் சொல்.

பெரியவள் பத்தாம் வகுப்பு. சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. அங்கமுத்து அண்ணனுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மோகனூரில் தண்ணீர் வந்துவிட்டதா?

அன்போடு,
சௌந்து


மோகனூர்
09.07.2023

சௌந்து,

யோசிக்க என்ன இருக்கிறது? வேண்டாம்.

எங்கள் அப்பன் ஊர்த் தெய்வத்தை நினைத்து வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் "பெருமாயி, பெரிய வாயி"ன்னு கேலி பண்ணினார்கள். கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கும்போது பேராசிரியர் சிரிப்பை அடக்குவார். அப்போதே மாற்றியிருக்கலாம், கெஜட்டில் போட்டு ஒரு ப்ரியாவாகவோ ரம்யாவாகவோ ஆகியிருக்கலாம். மாற்றவில்லை. இந்தப் பெயரோடுதான் ஆங்கிலத்தில் முதுகலை முடித்தேன், இந்தப் பெயரோடுதான் பன்னிரண்டு வருஷம் நாமக்கல் விடுதிப் பள்ளியில் உன் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இந்தப் பெயர் போதும் என்றால் அட்டைக்கும் போதும்.

பெரிய எழுத்தில் வேண்டாம். உன் பெயருக்குக் கீழே சின்னதாகவே போடச் சொல். ஆனால் பெருமாயி என்று போடச் சொல்.

அவர் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் குளிக்க வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

மாயி


ராசிபுரம்
11.12.2023

அன்புள்ள மாயி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

புத்தகம் வந்துவிட்டது. இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சத்தியமாக எனக்குத் தெரியாது மாயி. அச்சடித்து வந்த பிறகுதான் பார்த்தேன். கேட்டேன். "அந்தம்மா மாத்த மாட்டேங்குது, என்னால கடைக்காரங்ககிட்ட பதில் சொல்ல முடியாது, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்"னு சொல்லிவிட்டார். மூவாயிரம் பிரதி. அட்டையை மாற்ற முடியாதாம். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது உனக்கு எதற்கு உதவும், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பிழைதிருத்தம் ஒட்டுவார்கள் அல்லவா, அதுபோல ஒரு சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்தில் வைத்துவிடலாம். 'இந்நூலை எழுதியவர்கள்: பெருமாயி, சௌந்தர்யா' என்று. உன் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றுவிட்டார். பைண்டிங் செய்யும் சின்னண்ணனிடம் நானே பேசிவிட்டேன்.

என்னைத் திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் சௌந்து


மோகனூர்
20.12.2023

சௌந்தர்யா,

புத்தகம் வந்தது. போனில் கூப்பிட்டாய், எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். இருபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அட்டையை விடு. உள்ளே பார்த்தாயா நீ? பெருமாயி என்று எழுதிய இடத்தில் எல்லாம் 'பூஜா' என்று இருக்கிறது. ஒரு இடம் விடாமல்! அங்கமுத்து 'ராகுல்' ஆகிவிட்டார். டிரைலர் மாட்டின டிராக்டர் காராகிவிட்டது. மோகனூர் பஸ்ஸில் திணித்துக்கொண்டு ஏறின பொம்பிளையை மெட்ரோ ரயிலில் ஏற்றியிருக்கிறீர்கள். மோகனூரில் எங்கேயடி மெட்ரோ? இதையும் உன் வீட்டுக்காரரா செய்தார்? அவருக்கு 'ஸ்க்வீஸ் இன்' என்றால் என்னவென்றே தெரியாதே. டைப் அடித்தது நீ.

இலக்கியா தன் பெயரைத் தேடினாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகத் தேடினாள். கடைசியில் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அங்கமுத்துதான் கேட்டார், "ஏம்புள்ள, ரெண்டு வருசமா எழுதுனியே, இதுல எதுதான் உன்றது?" என்று. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரிடம் கத்திவிட்டேன். பாவம், அவரா செய்தார்?

ஆனால் கறிவேப்பிலைக் கொசுறை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாய். அதை மாற்ற உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

சீட்டு வைப்பதாகச் சொல்கிறாய். வை. மூவாயிரத்திலும் வை. என் நோட்டுகளைத் திருப்பி அனுப்பு. பதினேழும்.

பெருமாயி


ராசிபுரம்
02.02.2024

அன்புள்ள மாயி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெயர்களை மாற்றினது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். நகரத்துப் பள்ளிகளுக்கும் போகவேண்டும் என்று அவர் சொன்னார், உட்கார்ந்து மாற்றினேன். புத்தகம் நிறைய விற்றால் உனக்கும்தானே நல்லது என்று நினைத்தேன். அப்போது தப்பாகத் தோன்றவில்லை மாயி. வேறு என்ன சொல்ல?

சீட்டு விஷயம். அடித்தார்கள். நூறு பிரதியில் வைத்தும்விட்டார்களாம், அதற்குள் வண்டி வந்து மீதி லோடு கிளம்பிவிட்டதாம். நான் பிரஸ்ஸில் இல்லாமல் போனேன். இரண்டாம் பதிப்பில் அட்டையிலேயே உன் பெயர். இது என் வாக்கு.

நோட்டுகளை வீடு மாற்றும்போது மேலே பரணில் போட்டோம். தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை போட்டார்கள். நாலு பள்ளியில் புத்தகத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மேடையில் உன் பெயரைச் சொல்லலாம் என்றுதான் போனேன். தாளாளர், எங்கள் வீட்டுக்காரர், அவர் தங்கை குடும்பம், எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. உனக்கு என்னைத் தெரியும். நான் உன்னைப் போலத் தைரியசாலி இல்லை.

அன்புடன்,
சௌந்து


மோகனூர்
14.05.2024

சௌந்து,

இந்தக் கடிதம் எழுதக் கூடாது என்று நாலு நாளாகச் சமாளித்தேன். முடியவில்லை. ஒரு உதவி வேண்டும்.

அவருக்கு இடுப்பில் தட்டு விலகிவிட்டது. இனி டிராக்டர் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலக்கியாவைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். மாலை டியூஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பரமத்தி வேலூர் ரோட்டில் புதிதாக ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியருக்கு ஆள் எடுத்தார்கள், போனேன்.

கோடை வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? சேர்த்தல் பாடத்தைத்தான் எடுத்தேன். பையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து மேஜையில் வைத்தேன், அதன்மேல் ரெண்டு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டேன், "இதுக்கு என்ன சொல்லுவீங்க சாமி?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். கொரோனாவில் வேலை போனதிலிருந்து நாலு வருஷமாக வகுப்பறையில் கால் வைக்காதவள் சௌந்து நான். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பிள்ளைகள் என்னோடு சேர்ந்து கத்தின கத்தலில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். குருமூர்த்தி என்று பெயர். மரியாதையான மனுஷர்தான். ஞாபகத்திலிருந்து நான் எழுதிக்கொண்டு போன பாடக்குறிப்புகளை வாங்கிப் புரட்டினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்து வைத்தார். வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினார். "ஏனுங் டீச்சர், காப்பி அடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணுமில்லீங்களா? நாங்க பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கறது?" என்றார். நான் எழுதினதுங்க என்று சொன்னேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார். உன் போட்டோ இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? நோட்டு உன் பரணில் இருக்கிறது. சீட்டு இருக்கும் என்று சொன்னேன். அவரே புத்தகத்தைக் கவிழ்த்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

வெளியே வந்து நாமக்கல் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் புத்தகக் கடையில் பதினொரு பிரதி இருந்தது. பதினொன்றையும் எடுத்து உதறிப் பார்த்தேன். கடைக்காரர் "ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

அந்தத் தாளாளர் ஒன்று சொல்லியிருக்கிறார். நூலாசிரியரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் யோசிப்பாராம். அட்டை வேண்டாம், இரண்டாம் பதிப்பு வேண்டாம், மேடை வேண்டாம். அவர் ஒருத்தருக்கு மட்டும், 'இந்தப் பாடங்களை எழுதியது பெருமாயி' என்று ஒரு வரி எழுது. அவர் அதை மேஜை இழுப்பறைக்குள்தான் வைத்துக்கொள்ளப் போகிறார், உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். ஜூன் பத்துக்குள் வேண்டும்.

மாயி


ராசிபுரம்
27.05.2024

என் அன்பு மாயிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிட்டேன். பதிவுத் தபாலில் அவருக்கே அனுப்பிவிட்டேன், நகல் உனக்கு வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட அந்த வரியை அப்படியே எழுத முடியவில்லை. கோபப்படாமல் கேள். நாலு பள்ளியில் பாடமாக இருக்கிறது. இப்போது என் கையெழுத்தில், நான் எழுதவில்லை என்று ஒரு தாள் வெளியே போனால் என் வேலை என்ன ஆகும், அவர் பிரஸ் என்ன ஆகும்? ஆனால் உன் வேலைக்கு எது தேவையோ அது இதில் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். கட்டாயம் கிடைத்துவிடும். கிடைத்ததும் எனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

ஆடிப் பெருக்குக்கு மோகனூர் வருகிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

என்றும் உன்
சௌந்து

நகல்:

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருக்கும் திருமதி அ. பெருமாயி அவர்களை நான் இருபது ஆண்டுகளாக அறிவேன். நேர்மையானவர், நல்ல உழைப்பாளி. என் நூல் உருவானபோது உடனிருந்து உதவியவர். அவருடைய பாடக்குறிப்புகள் என் நூலை ஒத்திருப்பது குறித்துத் தங்களுக்கு எழுந்த ஐயம் நியாயமானதே. அவை என் நூலிலிருந்து என் முழு அனுமதியுடன் எடுத்தாளப்பட்டவை. எனவே அவர்மீது எந்தத் தவறும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவண்,
சௌந்தர்யா தீனதயாளன்
நூலாசிரியர்


மோகனூர்
11.06.2024

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் நகலும் கிடைத்தன. முதலில் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. நேற்றுச் சேர்ந்துவிட்டேன்.

தாளாளர் தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று, "அனுமதி வாங்கிட்டீங்கல்ல, அப்பறம் என்னங்க? உக்காருங்க டீச்சர்" என்றார். போன மாதம், 'நான்தான் எழுதினேன்' என்று உண்மையைச் சொன்னேன், நிற்க வைத்தே அனுப்பினார். நேற்று எடுத்தாண்டவள் என்று ஆனதும் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். பழைய மாயி எழுந்து வந்திருப்பாள். வீட்டில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், இலக்கியா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். குடித்துவிட்டு, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நிபந்தனை வைத்தார்கள். பாடக்குறிப்பு நோட்டில் தினமும் மேலே, 'நன்றி: திருமதி சௌந்தர்யா தீனதயாளன்' என்று எழுத வேண்டும். கரும்பலகையிலும் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் வரும் என்கிறார். இன்றைக்கு எழுதினேன். பின்பெஞ்சில் இருந்த ஒரு பெண் பிள்ளை, "மிஸ், இவங்க உங்களுக்குச் சொல்லிக்குடுத்தவங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

என்னால் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் என் பெயரை எடுத்தார். அவருக்கு நான் யாரோ. அவரை என்னால் மறந்துவிட முடியும். நீங்கள் உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்து, அனுமதி என்ற சொல்லைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்திருந்தால்கூட, பாவம் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு உங்களை என்னோடு வைத்துக்கொண்டிருப்பேன்.

நோட்டுகளைத் தேட வேண்டாம். ஆடிப் பெருக்குக்கு வர வேண்டாம். வந்தால் பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் அனுப்ப எனக்கு மனசு வராது, அதனால் வர வேண்டாம். இதற்குப் பதில் எழுதவும் வேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

நாளைக்கு இரண்டாம் பாடம் எடுக்க வேண்டும். குறிப்பு எழுத உட்கார வேண்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் அனுமதி பெற்ற,
அ. பெருமாயி
ஆங்கில ஆசிரியர்